மலைநாட்டுக் குசினியில் உணவு வீணாவதைக் குறைக்கும் வழி: சந்தைப் பை முதல் உரக்குழி வரை

கொழும்பிலிருந்து வரும் உறவினர்கள் எங்கள் குசினிக்குள் நுழைந்ததும் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "உங்களுக்கென்ன, ஊரே ஃபிரிட்ஜ் மாதிரி; சாமான் ஒன்றும் கெடாது." நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ் என்பதையும், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதையும் கேள்விப்பட்டவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு உண்மை தெரியும். வெயில் ஊரில் உணவைச் சூடு கெடுக்கிறது. இங்கே ஈரம் கெடுக்கிறது. தென்மேல் பருவமழை இறங்கும் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சுவர் வியர்க்கும், உப்புக் கசியும், தீக்குச்சி பற்றாது, பருப்புப் போத்தலின் மூடிக்குள் நீர்த்துளி நிற்கும். வெயில் ஊர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் இங்கே பாதிதான் பலிக்கும் என்பதால், இந்த வழிகாட்டி ஈரத்தையே முதல் எதிரியாக வைத்து எழுதப்படுகிறது.

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட உணவு விரயச் சுட்டெண் அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 105 கோடி தொன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் நடந்தது. அதே 2022 செப்டெம்பரில்தான் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி நம் நாட்டின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்கும் முன்பே, 2016 இன் குடித்தொகை, சுகாதார ஆய்வு தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாகக் காட்டியிருந்தது. இல்லாத வீடுகளில் எதுவும் வீணாகாது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு மழைக்காலப் புதன்கிழமை வரை.

ஞாயிறன்று சந்தையில் வாங்கிய போஞ்சியைச் சிலிசிலிப் பையோடு குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். புதன் மாலை முடிச்சை அவிழ்த்ததும் புளித்த வாடை எழுந்தது. மேலே கிடந்தவை பச்சையாகவே இருந்தன. கையை உள்ளே விட்டபோது அடியில் கிடந்தவை விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தன. பையின் உட்புறமெங்கும் நீர் முத்து முத்தாக நின்றது. இரண்டு கிலோவில் முக்கால் கிலோ போயிற்று. அன்று வெளியே 17 பாகைக்கு மேல் சூடு இருந்திருக்காது.

முதற்படி: ஒரு வாரக் கணக்கு

எதையும் மாற்றுவதற்கு முன் ஏழு நாட்களுக்கு வீணாவதை எழுதி வையுங்கள். பழைய பெயின்ற் வாளி ஒன்றும், கயிற்றில் பேனை கட்டிய பயிற்சிக் கொப்பி ஒன்றும் போதும். சாப்பிடக்கூடியதாக இருந்து, பின்னர் சாப்பிடப்படாமல் போன ஒவ்வொன்றையும் வாளியில் போடுமுன் மூன்று விபரங்களை எழுத வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, ஏன். வாழைப்பழத் தோல், முட்டைக் கோது, தேயிலைச் சக்கை போன்றவற்றை எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது விபரத்தை எழுதுவதுதான் கடினம். "சோறு, ஒரு கோப்பை" என்று எழுதுவது எளிது. "தம்பி வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தான், முன்பே சொல்லவில்லை" என்று எழுதும்போதுதான் திருத்த வேண்டிய இடம் தெரியும். நாய்க்கும் கோழிக்கும் போட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள். 'வீணாகவில்லை, நாய்தானே தின்றது' என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய அரிசியை நாய்க்கென்று யாரும் வாங்குவதில்லை. எங்கள் வீட்டுக் கொப்பியில் அந்த வாரம் நான்கு பொருள்கள் திரும்பத் திரும்ப வந்தன: இரவுச் சோறு, போஞ்சி, பாண் துண்டு, பாதித் தேங்காய். உங்கள் கொப்பியில் வேறு நான்கு இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த முயலாமல் அந்த நான்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

இரண்டாம் படி: சந்தைக்குப் போகும் முன்

மலையக வீடுகளில் கொள்வனவு சம்பள நாளோடு கட்டுண்டது. பத்தாம் திகதியை ஒட்டி வரும் ஞாயிறு எல்லாப் பையும் நிறையும். மாதக் கடைசி ஞாயிறு பை பாதியும் நிறையாது. நிறைந்த வாரத்தில் வாங்கியது மெலிந்த வாரம் வரை தாங்க வேண்டும் என்பதுதான் நம் ஆசை. அரிசி, பருப்பு, கருவாடு, கிழங்கு, பூசணி விஷயத்தில் அந்த ஆசை நியாயமானது. கீரை, போஞ்சி, தக்காளி விஷயத்தில் அது நடக்காது. ஆகவே பணம் கையில் இருக்கும் வாரத்தில் உலர்ந்த பொருள்களுக்கு மாதக் கணக்கிலும், மரக்கறிக்கு வாரக் கணக்கிலும் பணத்தைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"அக்கா, ரெண்டு கிலோவா எடுத்தா அம்பது ரூபா கொறச்சுத் தாறேன்" என்று மரக்கறிக் கடைக்காரத் தம்பி கூப்பிடும்போது மனம் இளகாமல் இருப்பது கடினம். மனக்கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். போஞ்சி கிலோ 400 ரூபாய் என்றும், இரண்டு கிலோவை 750 ரூபாய்க்குத் தருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். என் வீட்டில் நடந்ததுபோல் முக்கால் கிலோ அழுகினால், உண்ட ஒன்றேகால் கிலோவுக்கு 750 ரூபாய் கொடுத்தவர்களாகிறோம். அதாவது கிலோ 600 ரூபாய். கழிவு விலை என்று நினைத்து வாங்கியது ஒன்றரை மடங்கு விலையாகிவிடும்.

வாங்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சந்தைக்கு வரும் மரக்கறி ஏற்கெனவே அடிபட்டுத்தான் வருகிறது. இலங்கையில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் வரை அறுவடைக்குப் பிறகு வீணாவதாக வழமையாகச் சொல்லப்படுகிறது. சாக்கில் அமுக்கிக் கட்டி, லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மழையில் நனைய நனைய ஏற்றுவது அதற்குப் பெரிய காரணம். கோவாவின் அடித்தண்டைத் திருப்பிப் பாருங்கள்: வெட்டுவாய் வெள்ளையாக இருந்தால் புதியது, பழுப்பேறியிருந்தால் நாட்பட்டது. போஞ்சியை வளைத்தால் 'டக்' என்று முறிய வேண்டும். லீக்ஸின் வேர் அறுபடாமல் இருந்தால் அது வீட்டிலும் உயிரோடு நிற்கும்.

வீடு திரும்பியதும் சமைக்கும் வரிசையைக் கலண்டரில் எழுதிவிடுங்கள். கீரையும் காளானும் அன்றே. போஞ்சி, தக்காளி, கத்தரிக்காய் செவ்வாய்க்குள். லீக்ஸ், நோக்கோல், கறிமிளகாய் வியாழனுக்குள். கோவா, கரட், பீட்ரூட் வாரக் கடைசிக்கு. பூசணியும் உருளைக்கிழங்கும் அடுத்த வாரத்துக்கும். இந்த வரிசை மாறாமல் இருந்தாலே எங்கள் வீட்டு வாளியின் பாதி குறைந்தது.

மூன்றாம் படி: பையை அவிழ்க்கும் அரைமணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டுமே பின்பற்ற முடியுமென்றால் இதைப் பின்பற்றுங்கள். சந்தையிலிருந்து வந்து, நனைந்த குடையை மடக்கி வைத்து, தேத்தண்ணீர் குடித்த கையோடு எல்லாப் பைகளையும் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு மரக்கறிகூடச் சிலிசிலிப் பைக்குள் இரவைக் கழிக்கக் கூடாது. பறித்த பிறகும் காய்கள் சுவாசிக்கின்றன; அந்தச் சுவாசத்தில் வெளிவரும் நீராவி கட்டிய பைக்குள் வழியின்றித் துளியாகித் திரும்ப அவற்றின்மேலேயே விழுகிறது. அழுகல் அந்தத் துளியில்தான் தொடங்குகிறது. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் பரப்பி, வெடித்தது, நசுங்கியது, புள்ளி விழுந்தது ஆகியவற்றைப் பொறுக்கி அன்றிரவுக் கறிக்கு ஒதுக்கி, மற்றவற்றை நிழலில் உலர விடுங்கள். கழுவ வேண்டாம். கழுவி அடுக்கி வைப்பது சுத்தமாகத் தெரியும். ஆனால் இந்த ஊரில் கழுவியது காயாது.

கரட் பெரும்பாலும் கழுவித்தான் சந்தைக்கு வருகிறது. ஆகவே அதை ஒரு மணி நேரமாவது பரப்பி உலர்த்த வேண்டும். தலையில் இலை இருந்தால் உடனே அறுத்துவிடுங்கள், ஏனெனில் இலை கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். பீட்ரூட்டுக்கும் இதே முறைதான். அறுத்த இலையை வீசாமல் கீரையாகச் சுண்டலாம். நிறையக் கரட் கிடைத்துவிட்டால், மரப்பெட்டியில் லேசாக ஈரமான ஆற்றுமணலை விரித்து, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலும் மணல் இட்டு மூடி வைக்கலாம். இந்த முறை குளிர்நாட்டுக்கென்றே பிறந்தது போன்றது.

லீக்ஸை ஒரு கை நீருள்ள வாளியில் வேர் மட்டும் நனையும்படி நிற்க வைத்து, நீரை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றுங்கள். கீரைக்கட்டையும் இப்படியே ஓர் இரவு காக்கலாம். கோவாவைப் பாதியாக வெட்டாதீர்கள். வெட்டிய முகம் மறுநாளே கறுக்கும், அதைச் சீவி எறிந்து எறிந்தே கால்வாசி போய்விடும். வெளியிலிருந்து இதழ் இதழாக உரித்துச் சமைத்தால் உள்ளே இருப்பது பத்து நாள் கடந்தும் புதிதாக இருக்கும். போஞ்சியையும் பச்சைமிளகாயையும் உலர்ந்த தாள் விரித்த கூடையில் ஓரடுக்காகப் பரப்புங்கள். மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டால் கூடுதலாக ஒரு வாரம் நிற்கும். தக்காளியைக் காம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பது நல்லது, ஏனெனில் காம்பு விழுந்த குழிவழியாகவே ஈரம் வெளியேறுவதும் பூஞ்சணம் உள்ளே போவதும் நடக்கின்றன.

உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் வைப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பிழை. கிழங்குக்கு இருட்டும் காற்றும் வேண்டும்; வெளிச்சம் பட்டால் பச்சை பிடிக்கும், பச்சை பிடித்த கிழங்கில் சொலனின் என்னும் நச்சுப்பொருள் கூடும், அது அவித்தாலும் போகாது. லேசான பச்சையையும் சிறு முளையையும் ஆழமாகச் சீவிவிட்டுப் பயன்படுத்தலாம். கிழங்கு முழுவதும் பச்சையேறிக் கசந்தால் எறிவதே சரி. வெங்காயத்துக்கு உலர்ந்த சூடு வேண்டும். விறகு அடுப்பு உள்ள வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் வலைப்பையில் தொங்கவிட்டால் மழைக்காலத்திலும் முளைக்காது. முளைத்துவிட்டால் வருந்த வேண்டாம். முளையை அரிந்து முட்டைப் பொரியலில் போடலாம்.

வாழைப்பழமும் பழுத்த தக்காளியும் பட்டர் புரூட்டும் எதிலீன் என்னும் வாயுவை விடுகின்றன. அது பக்கத்திலிருக்கும் காய்களையும் கீரையையும் விரைவில் முதிரச் செய்யும். வாழைச்சீப்பை மற்றவற்றிலிருந்து விலக்கிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். 13 பாகைக்குக் கீழே வாழைப்பழத் தோல் கறுத்துவிடும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து இரவுகளில் இது குளிர்சாதனப் பெட்டியின்றியே நடக்கும். தோல் கறுத்தது கண்டு எறியாதீர்கள், உள்ளே பழம் நன்றாகவே இருக்கும்.

நான்காம் படி: உலர்ந்த பொருளை உலர்ந்ததாக வைத்தல்

அரிசி மூட்டை சீமெந்துத் தரையில் நேரடியாக இருக்கக் கூடாது. பலகையோ இரண்டு செங்கலோ கீழே வேண்டும், சுவரிலிருந்து ஒரு சாண் விலகியும் இருக்க வேண்டும். கோதுமை மா, ரவை, பருப்பு, மிளகாய்த்தூள் ஆகியவற்றை இறுக மூடும் போத்தல்களில் போடுங்கள். பழையது தீராமல் புதியதை அதன்மேல் கொட்டுவதுதான் வண்டு பிடிக்க முதற் காரணம்; அடியிலிருக்கும் பழைய மா தலைமுறையாக அங்கேயே குடியிருக்கும். போத்தலைக் காலி செய்து, துடைத்து, அடுப்படிச் சூட்டில் காயவைத்த பிறகே புதியதைக் கொட்ட வேண்டும். ஈரக் கரண்டி போத்தலுக்குள் போகவே கூடாது. கொதிக்கும் கறிச்சட்டிக்கு நேர்மேலே போத்தலைச் சாய்த்துத் தூள் போடுவதும் கூடாது. அந்த ஆவி தூளைக் கட்டியாக்கிவிடும்.

வெயில் கிடைக்கும் நாளில் வேறு வேலையை ஒதுக்கிவிட்டுச் செத்தல் மிளகாயையும் மல்லியையும் கருவாட்டையும் வெளியே எடுங்கள். வெயிலே கிடைக்காத மாதங்களில் அடுப்புக்கு மேலுள்ள பரண் உதவும். நம் ஆச்சிமார் கருவாட்டையும் விதையையும் அங்கே வைத்ததற்குக் காரணமில்லாமல் இல்லை. எரிவாயு அடுப்புக்கு மாறிய வீடுகளில் அந்த உலர்ந்த மூலை இல்லாமற் போய்விட்டது. அதனால் அவர்கள் 250 கிராம் பொதிகளாக வாங்குவதே மேல்.

பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, தேங்காய், கொப்பரை, செத்தல் மிளகாய், மா ஆகியவற்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அவற்றில் வளரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளடொக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிப்பது, சமையற்சூட்டில் பெரிதும் அழியாதது. பாணில் ஓரிடத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடும் வழக்கமும் தவறு, ஏனெனில் மெத்தென்ற உணவில் பூஞ்சண இழை கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். கரட், கோவா போன்ற கெட்டியான காய்களில் மட்டும் புள்ளியைச் சுற்றி ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மிகுதியைப் பயன்படுத்தலாம்.

ஐந்தாம் படி: அளந்து ஆக்குதல்

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு இரவில் மூன்று சுண்டு அரிசி போடுவது வழக்கம். யார் வகுத்த அளவென்று யாருக்கும் தெரியாது; அம்மா போட்டதை நான் போட்டேன். கொப்பிக் கணக்குக்குப் பிறகு இரண்டரைச் சுண்டாகக் குறைத்தோம், யாரும் பசியோடு எழவில்லை. நாளுக்கு அரைச் சுண்டு என்றால் மாதத்துக்குப் பதினைந்து சுண்டு. "யாராவது வந்தால்?" என்ற கேள்வி உடனே எழும். வந்தவருக்கு இருபது நிமிடத்தில் தேங்காய் ரொட்டி சுட்டுக் கட்டைச் சம்பல் இடித்துக் கொடுப்பது ஆறிய சோற்றைவிடக் கௌரவமான உபசாரம் என்பது என் எண்ணம். என் மாமியார் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பானையின் அடியில் ஒரு பிடியாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. அந்த ஒரு பிடியை நான் விட்டுவைக்கிறேன்.

கறியில் முதலில் கெடுவது தேங்காய்ப்பால் சேர்த்ததுதான். பருப்பையோ கிழங்கையோ அவித்ததும், நாளைக்கு வேண்டியதைப் பால் ஊற்றுவதற்கு முன்பே தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால், மறுநாள் அது புதுக் கறியாகவே இருக்கும்.

தேங்காய் 2025 இன் தொடக்கத்தில் 200 ரூபாயைத் தாண்டியதிலிருந்து பாதித் தேங்காயும் பணம்தான். கண்ணுள்ள பாதி முதலில் கெடும் என்பதால் அதை முதலில் துருவுங்கள். மற்றப் பாதியின் உள்முகத்தில் உப்பைத் தடவிக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் வரை நிற்கும். இரண்டாம் பால் பிழிந்த சக்கையை ரொட்டி மாவில் பிசையலாம், அல்லது வெறுஞ்சட்டியில் பொன்னிறமாக வறுத்துச் செத்தல் மிளகாயும் புளியும் வைத்து இடித்தால் நல்ல சம்பல் கிடைக்கும்.

ஆறாம் படி: மிஞ்சிய சோறும் மற்றவையும்

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் அரிசி வேகும் சூட்டிலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன, அவற்றுள் வாந்தியை உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகள் பெருகும் எல்லை. நம் ஊர்க் குளிர் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அடுப்பின் ஓரத்தில் மூடிவைத்த பானையோ அதன் நடுவிலேயே இருக்கிறது. ஆகவே சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய சோற்றைப் பானையிலேயே விடாமல் அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் ஒரே ஒரு தடவை ஆவி பறக்கச் சூடாக்கி முடித்துவிட வேண்டும்.

பெட்டி இல்லாத வீட்டில் பழஞ்சோறுதான் வழி. ஆறிய சோறு முழுவதும் மூழ்கும்படி கொதித்தாறிய நீர் ஊற்றி, மண்சட்டியில் மூடி வைத்து, காலையில் மோரோ வெங்காயமோ பச்சைமிளகாயோ சேர்த்து உடனே சாப்பிட்டுவிட வேண்டும். இதமான புளிப்பு வாடை சரியானது. கொழகொழப்பும் நாற்றமும் இருந்தால் கொட்டிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் இதைத் தவிர்ப்பது நல்லது.

காலையில் மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியில் இரவுச் சோற்றையும் சேர்க்கலாம். பெட்டியில் வைத்த ஒரு கோப்பைச் சோற்றைக் கையால் நன்றாக மசித்து, இரண்டு கோப்பை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து தட்டிப் போட்டால், சாதாரண ரொட்டியைவிட மென்மையாக வரும், பகல்வரை விறைக்காது. முந்திய நாள் ரொட்டியைக் கீறி, லீக்ஸ், கோவா, கரட் துண்டு துணுக்குகளோடு கொத்தாக்கலாம். பாண் காய்ந்துபோனால் ஓட்டில் வாட்டி இடித்துக் கட்லட்டுக்குத் தூளாக வைக்கலாம். மீன்குழம்பு மிஞ்சினால் மறுநாள் காலையில் நன்றாகக் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சுவதைப் பற்றி நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காகவே கொஞ்சம் மிச்சம் பிடிக்கும் வீடுகள் உண்டு.

ராபு இலை, நோக்கோல் இலை, பீட்ரூட் இலை, லீக்ஸின் கரும்பச்சை நுனி, பீர்க்கங்காய்த் தோல், பலாக்கொட்டை எல்லாம் கறிக்குரியவையே. லீக்ஸின் இலை இடுக்கில் மண் ஒளிந்திருக்கும் என்பதால் நெடுக்காகப் பிளந்து ஓடும் நீரில் அலச வேண்டும். ஆனால் எதையும் எறியக் கூடாது என்ற உற்சாகத்தில் எல்லைமீறுவதற்கும் நான் உடன்படமாட்டேன். நம் மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பது அதிகம். கோவாவின் வெளி இதழ்கள் இரண்டையும் உரித்து உரக்குழிக்கே அனுப்புகிறேன், அதில் எனக்குக் குற்றவுணர்வு இல்லை.

ஏழாம் படி: குளிர்சாதனப் பெட்டியும் மின்வெட்டும்

பெட்டிக்குள் 4 பாகையோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். முட்ட முட்ட அடைத்தால் குளிர்காற்று சுற்றாது. சமைத்தது மேல்தட்டிலும், பச்சை இறைச்சியும் மீனும் மூடிய பாத்திரத்தில் அடித்தட்டிலும் இருக்கட்டும். கண்ணில் படும் முன்வரிசையில் பழையதை வையுங்கள். காற்றிலும் மழையிலும் மரம் விழுந்து மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்ததையும் மறக்கவில்லை. மின்சாரம் போனதும் கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பெட்டி ஏறக்குறைய 4 மணி நேரமும், நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரமும் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் மீனையும் இறைச்சியையும் பாலையும் நம்ப வேண்டாம்.

எட்டாம் படி: தீபாவளியும் திருவிழாவும்

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்தில் மலையகத்தில் எந்தக் கொப்பிக் கணக்கும் நிற்காது. நிற்க வேண்டுமென்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை. பண்டிகையன்று கையை இறுக்குவதைவிட, பண்டிகைக்கு முந்திய மூன்று நாட்களில் வீட்டிலிருக்கும் பழைய மரக்கறியையும் கறியையும் முடித்து இடம் பண்ணுவதே நடக்கக்கூடியது. பலகாரத்தைப் பக்கத்து வீடுகளோடு பேசிப் பிரித்துக்கொள்ளலாம்: எல்லா வீட்டிலும் முறுக்கும் அதிரசமும் சுடுவதற்குப் பதிலாக ஒரு வீடு முறுக்கு, ஒரு வீடு அதிரசம் என்று சுட்டு மாற்றிக்கொண்டால் எண்ணெயும் மிச்சமாகும். ஒரே லயத்தில் பன்னிரண்டு வீடுகள் சுவர் ஒட்டி இருப்பதில் இப்படி ஒரு வசதியும் இருக்கிறது. கோயில் அன்னதானத்திலும் கருமாதிச் சாப்பாட்டிலும் மிஞ்சும் சோற்றை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதானால், மாலைவரை அண்டாவிலேயே வைத்திருக்காமல் பந்தி முடிந்த கையோடு கொடுக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: வாளியில் மிஞ்சியது

கழுநீரும் மரக்கறித் தோலும் மாட்டுக்குப் போகலாம். பூஞ்சணம் பிடித்த எதையும் மாட்டுக்கோ கோழிக்கோ போடக் கூடாது. அந்த நஞ்சு பாலின் வழியாக நம் பிள்ளைகளின் கோப்பைக்கே திரும்பி வரும். லயத்துக்குப் பின்னால் ஓடும் கானில் சோற்றைக் கொட்டுவதும் கூடாது. கான் அடைத்தால் மழைநீர் மண்மேட்டுக்குள் இறங்கும். சரிவில் கட்டிய வீடுகளுக்கு அது எவ்வளவு ஆபத்தானது என்று நமக்குத் தெரியும். உணவுக் கழிவைப் பிளாஸ்டிக்கோடு கலந்து குவித்தால் நேர்வதை 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து குறைந்தது 32 உயிர்களைப் பலிகொண்டபோது நாடே கண்டது.

உரக்குழி என்று பெயரானாலும் மழை ஊரில் குழி வெட்டினால் அது குட்டையாகிவிடும். வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, மேடான இடத்தில், நான்கு கம்பு நட்டு வலையடித்து, மேலே பழைய தகரம் ஒன்றைச் சாய்த்து வையுங்கள். அடியில் சுள்ளிகளைப் பரப்புங்கள். ஒரு வாளி குசினிக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டைப்பெட்டி என்ற அளவில் மாறி மாறிப் போட வேண்டும். இங்கே பெரும்பாலும் தவறிப்போவது காய்ந்த இலைக்கான இந்த இரண்டு வாளிதான். எல்லாம் ஈரமாக இருக்கும் காலத்தில் காய்ந்த இலைக்கு எங்கே போவது? பனிக்காலத்து வெயிலில் சாக்குச் சாக்காகக் கூட்டி, நனையாமல் கூரைக்கடியில் அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தேயிலைச் சக்கை, முட்டைக் கோது, தோல் எல்லாம் போடலாம். மீன்செதில், எலும்பு, எண்ணெய்க் கறி வேண்டாம். அவற்றின் வாடைக்கு நாய் வரும், காட்டுப்பன்றி வரும், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கெட்ட நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, காய்ந்த இலையைச் சேருங்கள். வாரக்கணக்கில் எதுவும் மாறாமல் கிடந்தால் பசுஞ்சாணக் கரைசல் ஒரு வாளி ஊற்றுங்கள். தாழ்நிலத்தில் மூன்று மாதத்தில் ஆவது இங்கே ஐந்து, ஆறு மாதம் பிடிக்கும். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் நீர் சொட்டாமல் உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்து, மழை பெய்த காட்டு மண்ணின் வாடை வந்தால் ஆகிவிட்டது. அப்போதும் உருக்குலையாமல் கிடக்கும் மாங்கொட்டையையும் சோளத் தண்டையும் பொறுக்கி அடுத்த குவியலின் அடியில் போட்டுவிடுங்கள். மிகுதியை வாசலோரத்து லீக்ஸ் பாத்திக்கு அள்ளலாம்.